சோல்வின்ஸ் வரையாத சோல்வின்ஸ் படங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டு இந்தியரின் உடை குறித்த ஆய்வேடுகளிலும் கருத்தரங்கத் திரைகளிலும் இதமான மென்வண்ணப் படங்கள் சில மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன. அடியில் 'சோல்வின்ஸ்' என்ற ஒரு சொல் மட்டும் இருக்கும். ஆண்டு இராது, பதிப்பும் இராது. இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும். அவற்றுள் பல சோல்வின்ஸின் கைபட்டவையே அல்ல.

ஆண்ட்வெர்ப் நகரத்து ஓவியரான பால்தசார் சோல்வின்ஸ் 1791இல் கல்கத்தா வந்தார். வண்டிகளுக்கும் பல்லக்குகளுக்கும் வண்ணம் தீட்டிப் பிழைத்தார். இந்துக்களின் நடைமுறை, வழக்கம், உடை ஆகியவற்றை விளக்கும் 250 படங்களைச் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்துப் பதித்து, வண்ணமேற்றி, 1796க்கும் 1799க்கும் இடையில் அங்கேயே வெளியிட்டார். கோடுகள் முரடானவை, நிறங்கள் மங்கியவை. ஐரோப்பியச் சுவைக்கு அவை ஒத்துவரவில்லை; முயற்சி நட்டத்தில் முடிந்தது.

1804க்கும் 1807க்கும் இடையில் இலண்டன் பதிப்பாளர் எட்வர்ட் ஓர்ம், அப்படங்களைத் தழுவி 60 படங்கள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். முகப்பில் சோல்வின்ஸின் பெயர் இருந்தது. உள்ளே இருந்தவை பிறர் செதுக்கிய படங்கள். வண்ணமும் கோட்டின் பாங்கும் ஆங்கிலேயர் விருப்பத்துக்கேற்ப மாறின. நூல் நன்கு விற்றது. இன்று பரவலாகக் கண்ணில் படுவனவற்றுள் பல இவையே.

அக்காலத்தில் படியெடுத்தல் இயல்பான தொழில் என்பது மறுக்கத்தக்கதன்று. 1723 முதல் உலகச் சமயச் சடங்குகளைப் படமாக்கி வெளியிட்ட பெர்னார்ட் பிகார் இந்தியாவுக்கு வந்தவரே அல்லர். ஆயினும் உடை வரலாற்று ஆய்வாளர் தேடும் சான்று துணியின் நிறமும் மடிப்பும் உடல் நிற்கும் நிலையும்தாமே? படியெடுப்பவர் கை முதலில் படுவதும் அங்கேதான்.

தலைப்பையும் கவனிக்க வேண்டும். கல்கத்தாப் பதிப்பு நடைமுறை, வழக்கம், உடை என மூன்றைச் சொன்னது. ஓர்ம் அவற்றைக் 'காஸ்ட்யூம்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கினார். அச்சொல்லும் வழக்கத்தைக் குறிக்கும் 'கஸ்டம்' என்பதும் ஒரே இலத்தீன் மூலத்தில் கிளைத்தவை. அன்றைய ஆங்கிலத்தில் முன்னதன் பொருள் இன்னும் உடையாக மட்டும் குறுகிவிடவில்லை. இன்று அதை 'ஆடை' என்றே மொழிபெயர்த்துவிட்டு, நூலை ஆடைப் பட்டியலாக வாசிப்பது பின்னாளைய பொருளைப் பழைய சொல்லில் ஏற்றுவதாகும்.

இதனால் கல்கத்தாப் பதிப்பு மாசற்ற சான்றாகிவிடாது. 'இந்துக்கள்' என்று முகப்பு கூறினாலும், பெரும்பாலும் அதில் உள்ளவர்கள் கல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த வங்க மக்களே. அதைவிடச் சிக்கலானது அதன் முதற்பகுதி. அதன் 66 படங்களும் சாதிகளையும் அவற்றுக்குரிய தொழில்களையும் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துகின்றன. அயலார் ஒருவருக்கு அவ்வரிசையை எடுத்துச் சொன்னவர்கள் யார்? எந்தப் படிநிலையில் நின்று சொன்னார்கள்? படத்தை மட்டும் வெட்டியெடுத்து 'வங்கக் கைவினைஞர்' என்று பெயரிடுகையில், அந்த வரிசையும் அதைப் பற்றிய கேள்வியும் ஒருசேர மறைகின்றன.

சோல்வின்ஸ் தோல்வியோடு நின்றுவிடவில்லை. பாரிசில் படங்களைத் தாமே மீண்டும் செதுக்கி, பிரெஞ்சு, ஆங்கில விளக்கங்களுடன் 1808க்கும் 1812க்கும் இடையில் நான்கு தொகுதிகளாக, 288 படங்களோடு வெளியிட்டார். அதுவும் விற்கவில்லை. ஆகவே ஒரே உருவம் கல்கத்தா, இலண்டன், பாரிசு என மூன்று வடிவங்களில் கிடைக்கலாம். பதிப்பு, ஆண்டு, பகுதி, பட எண் ஆகிய நான்கையும் படத்தின் அடியில் குறிப்பதற்கு ஒரே ஒரு வரி போதும்.