முதற்பிழையை முதலில் நோக்குக

தம் நூலின் மறுபதிப்பிற்கு வந்த அச்சுப்படியின் பொலிவின்மை கண்டு வருந்திய ஸ்டான்போர்டுப் பேராசிரியர் டொனால்டு கனூத், 1977-இல் வகுக்கத் தொடங்கிய அச்சுக்கோப்பு முறையே டெக் என்பது. பல ஆணைகளை ஒரு பெயருள் அடக்குவது மாக்ரோ. ஓர் அடைப்புக்குறி மூடப்படாதொழியின், கணினி பெரும்பாலும் குற்றம் நேர்ந்த வரியைச் சுட்டாது, அது புலப்பட்ட வரியையே சுட்டும். ஒரு பிழை பலவாய்த் தோன்றும். அந்நிலையில் மாணவர் சிலர் பிழைச்செய்தியைப் படியாது, பிறர் எழுதிய மாக்ரோக்களை மேன்மேலும் சேர்ப்பர். இது நோயறியாது மருந்து பெய்தலாம். பிழைப்பட்டியலின் முதற்பிழையையே முதலில் நோக்குக. அதனாலும் விளங்காதேல், கட்டுரையைப் பாதி பாதியாய் விலக்கி, பிழை எஞ்சும் சிறு பகுதியைக் காண்க. ஆய்வேடு அளிக்கும் நாள் நெருங்குகையில் இதற்குப் பொழுதேது என்பாரும் உளர். பொருளறியாது ஒட்டிய மாக்ரோ அடுத்த திருத்தத்திலேயே இடறும். அன்று இழக்கும் பொழுது இதனினும் பெரிதன்றோ?