எடையைப் பார்த்து ஆடு பிடிக்காதீர்கள்

செம்மறி வளர்ப்பில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, 'எந்த இனம் அதிக எடை வரும்?' என்பதைத்தான். தரகர்களும் கைப்பேசிக் காணொளிகளும் வெளிமாநிலக் கிடாவையோ வெளிநாட்டுக் கலப்பையோ காட்டி ஆசையைக் கிளப்பிவிடுகிறார்கள். நம்மிடம் உள்ள மேய்ச்சலில், நம் வெயிலில், எந்தப் பெட்டை தவறாமல் சினை பிடித்து, ஈன்று, பால் கொடுத்துக் குட்டியைக் காப்பாற்றும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். அதற்கான விடை பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பட்டியிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டுச் செம்மறி இனங்கள் ஒவ்வொன்றும் ஒரு வட்டாரத்தில் உருவானவை. சேலம், ஈரோடு, கரூர் பக்கத்து வறண்ட மேய்ச்சலில் நிலைத்தது மேச்சேரி; இறைச்சியோடு, அதன் தோலுக்கும் தோல் தொழிலில் நல்ல பெயர் உண்டு. விளாத்திகுளம் கரிசலில் வெள்ளை உடம்பில் செம்புள்ளியோடு மேய்வது வேம்பூர் ஆடு. காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம் சென்னைச் சிவப்பு. உதகைக் குளிரில் கம்பளிக்காக உருவான நீலகிரி ஆட்டைக் கொண்டுவந்து சமவெளி வெயிலில் கட்டினால், அது தன் குணத்தைக் காட்ட வழியே இல்லை. நல்ல இனம் எது என்பதை இடம்தான் தீர்மானிக்கிறது.

நாட்டினம் மெதுவாக வளரும், விலை போகாது என்பார்கள். கொட்டிலில் கட்டி அடர்தீவனம் போட்டால் பெரிய இனம் கூடுதல் எடை வரும்தான். ஆனால் பெரிய உடம்புக்குத் தீனியும் பெரிது. காசு கொடுத்துத் தீவனம் வாங்குகிறவருக்கு, ஒரு ஆட்டின் எடையைவிடச் செலவழித்த ரூபாய்க்கு என்ன மிஞ்சியது என்பதே கணக்கு. முதல் வருடத்தில் நான்கு குட்டி செத்தால், பிழைத்தவற்றின் கூடுதல் எடை அந்த நட்டத்தை ஈடுகட்டாது. நாட்டினத்துக்கும் நோய் வரும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் பரவும் நீலநாக்கு நோய் உள்ளூர் ஆட்டையும் விடாது. ஆகவே இனத்தை மட்டும் நம்பாமல் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

இனம் முடிவானபின் விற்கும் ஆளைத் தேட வேண்டும். பல ஊர் ஆடுகள் கலந்து நிற்கும் சந்தையில் ஆட்டுக்கொல்லி நோயும் சேர்ந்தே விலைக்கு வரும். ஒரே மேய்ப்பரின் பட்டியில் பத்துப் பெட்டை பிடிப்பது மேல். வாயைத் திறந்து பல் பாருங்கள். இரண்டு பல், நான்கு பல் போட்டவையாக எடுத்தால் இன்னும் பல ஈற்றுக்கு ஆடு நிற்கும். கீழ் இமையை விரலால் இறக்கினால் உள்பக்கம் சிவந்திருக்க வேண்டும். வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தத்தை உறிஞ்சியிருக்கக்கூடும். மடியைத் தடவிப் பார்த்து, கட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். ஒரே பட்டியில் வாங்கினால் உறவுக்குள்ளேயே இனம் பெருகாதா என்பது நியாயமான கேள்வி. கிடாவை மட்டும் அதே இனத்தில் வேறு பட்டியில் வாங்கி, அதன் பெட்டைக் குட்டிகள் பருவத்துக்கு வருவதற்குள் கிடாவை மாற்றிவிட்டால் அந்தக் கவலை தீரும். பிறக்கும் ஒவ்வொரு குட்டியிலும் பாதி அந்தக் கிடாதான் என்பதால், கிடாவின் விலையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன், வாங்கப்போகும் பட்டியைக் கோடையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மழைக்காலப் புல்லில் எல்லா ஆடும் கொழுகொழுவென்றுதான் இருக்கும். சித்திரை வெயிலில், காய்ந்த மேய்ச்சலில், குட்டிக்குப் பால் கொடுத்தபடி நிற்கும் பெட்டைதான் வாங்கத் தக்க பெட்டை.