வெள்ளைக்காரன் கொண்டுவந்த வியாதியா?

"ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை, எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வியாதி" என்று நம் திருப்பூர் நண்பர்கள் சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டது. வெள்ளைக்காரன் என்ன செய்தான் என்று பார்ப்போமே.

ஆஸ்கார் வைல்டு பிரெஞ்சில் எழுதிய 'சலோமே' நாடகம் 1894இல் ஆங்கிலத்தில் அச்சானபோது, ஆப்ரி பியர்ட்ஸ்லி என்ற இளைஞர் கறுப்பு மையில் படம் வரைந்தார். (பிரெஞ்சு வழியில் படித்தவன் நான், நாடகத்தை மூலத்திலேயே வாசித்தேன். படங்கள் அதைவிட ஒரு படி மேல்.) தலைப்புப் பக்கத்தில் கொம்பு வைத்த ஓர் உருவம். மார்பு பெண்ணுடையது, கீழே ஆண். லண்டன் பதிப்பாளர் பயந்துபோய், ஆண் அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் வெளியிட்டார்.

அதற்கு முன்பே, 1871இல், நம் நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். வட மாகாணங்களில் 'அலி' என்று பதிவேட்டில் ஏற்றப்பட்டவர் பெண் உடையில் தெருவுக்கு வந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. பதிவேடு எழுதியே காலம் தள்ளிய எனக்கு அதை நினைத்தால் கை கூசுகிறது.

ஆக, அவன் கொண்டுவந்தது அழிக்கிற ரப்பர். நம்மிடம் இருந்தது திருச்செங்கோடு. வலப்பக்கம் வேட்டி, இடப்பக்கம் சேலை. மலையேறி அர்த்தநாரீசுவரரைக் கும்பிட்டுவிட்டு வந்து, பனியன் கம்பெனி வாசலில் வேலை கேட்டு நிற்கும் திருநங்கையை விரட்டுகிறோமே, அது எந்த ஊர்ப் பண்பாடு ஐயா?