எதிராளியின் மனத்தைப் படிக்கலாம்

சதுரங்கம் ஆடும் இருவர் மாறி மாறிக் காய் நகர்த்துவர். ஒருவர் ஆடி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து சிந்திப்பார். இதே முறையில் படை நடத்துவதும் நகரம் அமைப்பதுமான கணினி விளையாட்டுகள் பல உள்ளன. அவற்றை முறைவைத்து ஆடும் உத்தி விளையாட்டுகள் என்பர். உடன் ஆட ஆள் இல்லாதபோது கணினியே எதிராளியாகும். அதனிடம் தோற்றவர், "கணினி ஏமாற்றுகிறது" என்று சினம் கொள்வர். அல்லது "எனக்கு அறிவு போதாது" என்று சோர்வர். இவ்விரண்டில் எது உண்மை என்று ஆராய இடம் தருவதே நல்ல விளையாட்டு. திறந்த மூல விளையாட்டுகள் அந்த இடத்தைத் தருகின்றன.

ஒரு மென்பொருள் எவ்வாறு செயல்பட வேண்டும் என்று மனிதர் எழுதிய கட்டளைகளின் தொகுதியே மூலநிரல். வணிக விளையாட்டுகளில் பெரும்பாலானவை அதனை வெளியிடுவதில்லை. திறந்த மூல மென்பொருளிலோ அதனை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் 1995-இல் தொடங்கிய 'ஃப்ரீசிவ்', டேவிட் ஒயிட் 2003-இல் தொடங்கிய 'பேட்டில் ஃபார் வெஸ்நோத்' ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை. தன்னார்வலர் பலரின் உழைப்பால் இவை வளர்ந்தன.

வெஸ்நோத்தின் கணினி எதிராளி எவ்வாறு முடிவெடுக்கிறது? வீரரைச் சேர்த்தல், தாக்குதல், ஊரைக் கைப்பற்றுதல் எனச் செய்யத்தக்க செயல்கள் ஒவ்வொன்றுக்கும் அது மதிப்பெண் இடுகிறது. மிகுந்த மதிப்பெண் பெற்ற செயலைச் செய்து முடித்தபின் மீண்டும் மதிப்பிடுகிறது. தாக்கும் வேகத்தைக் குறிக்கும் ஓர் எண்ணும் அதற்கு உண்டு. அவ்வெண் 1 ஆனால், பகைவருக்கு நேரும் இழப்பை மட்டுமே அது கருதும். தன் இழப்பைப் பொருட்படுத்தாது. 0 ஆனால், இரண்டையும் ஏறத்தாழ நிகராக எண்ணும். இயல்பாக அமைந்த எண் 0.4. அதாவது, தன் இழப்பைச் சற்றுக் குறைத்தே அது மதிப்பிடுகிறது. இதனை அறிந்த மாணவர், பகைப்படை ஏன் துணிந்து பாய்கிறது என்பதை உணர்வர். அரணில் நின்று அப்பாய்ச்சலைத் தாங்கக் கற்பர். எண்ணை மாற்றி, எதிராளியின் இயல்பு மாறுவதையும் காண்பர். அங்கே தோல்வி பாடமாகிறது.

ஃப்ரீசிவ் நேர்மையைக் கற்பிக்கிறது. அதில் கணினியின் திறனைப் பல படிநிலைகளில் அமைக்கலாம். எளிய நிலைகளில் கணினி வேண்டுமென்றே சில பிழைகளைச் செய்யும். ஒரு நிலைக்கு 'ஏமாற்றுதல்' என்றே பெயர்! மனிதரைக் கட்டுப்படுத்தும் விதிகள் சில, அந்நிலையில் கணினியைக் கட்டுப்படுத்துவதில்லை. சலுகை பெறுவதைவிட அதனை மறைப்பதே பெருங்குற்றம் என்பதை இப்பெயர் உணர்த்துகிறது.

மறைவு ஐயத்தை வளர்க்கும். 1997-இல் உலகச் சதுரங்க வாகையர் காஸ்பரோவ், ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' கணினியிடம் தோற்றார். இரண்டாம் ஆட்டத்தில் மனிதர் உதவியிருக்கலாம் என ஐயுற்று, கணினியின் பதிவுகளைக் கேட்டார். அவை உடனே தரப்படவில்லை, பின்னரே வெளியாயின. அந்த ஐயம் பல ஆண்டுகள் பேசப்பட்டது.

திறந்த மூல எதிராளி வலிமை குன்றியது என்பர் சிலர். சில விளையாட்டுகளில் அது உண்மையே. ஆயினும், உலகின் வலிமைமிக்க சதுரங்க நிரல்களுள் ஒன்றான 'ஸ்டாக்ஃபிஷ்' திறந்த மூல மென்பொருளே. எதிராளியின் மனம் தெரிந்தால் ஆட்டம் சுவைக்காது என்பர் வேறு சிலர். எதிராளியின் பழைய ஆட்டங்களைப் படித்துவிட்டு வரும் சதுரங்க வீரருக்கு ஆட்டம் சுவை குன்றுவதில்லை. சிறுவருக்கு நிரல் விளங்காது என்னும் கருத்தும் உண்டு. முழுவதும் விளங்க வேண்டியதில்லை. ஓர் எண்ணை மாற்றிப் பார்ப்பதே நல்ல தொடக்கம்.

கடன் கேட்பவரின் தகுதியை மதிப்பிடுவது முதலிய பணிகளிலும் இன்று கணினி நிரல்கள் பங்கு கொள்கின்றன. அவை தரும் முடிவைக் கண்டு சினப்பதும் சோர்வதும் போதா. "இம்முடிவு எவ்வாறு வந்தது?" என்று கேட்கும் பழக்கம் வேண்டும். அப்பழக்கத்தை விளையாட்டிலேயே தொடங்குவது நன்று.

சிந்தித்து எழுதுக

1. கணினி எதிராளிக்குச் சலுகை தரலாமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. எதிராளி சிந்திக்கும் முறையை அறிந்தபின் ஆடுவது நேர்மையாகுமா? இரு தரப்புகளையும் எடுத்துக்காட்டி விளக்குக.