முதுகு முறிந்தவனுக்கு முதலாளி யார்?

கொழும்புப் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் விடியுமுன்னரே மூடைகள் நடமாடத் தொடங்கிவிடுகின்றன. அவற்றின் கீழே குனிந்து செல்லும் நாட்டாமைகளை ஏறெடுத்துப் பார்ப்போர் சிலரே. யாழ்ப்பாணத்து வெங்காயமும் வன்னி நெல்லும் எந்தச் சந்தைக்குச் சென்றாலும், லொறியில் ஏறுவதும் லொறியிலிருந்து இறங்குவதும் ஒரு மனிதனின் முதுகிலேதான். அதே தெருக்களில் இன்று இன்னொரு கூட்டத்தாரையும் காண்கிறோம். உணவுப் பொதியைச் சுமந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் விரையும் இளைஞர்கள் அவர்கள். முன்னையது பழைய தொழில்; பின்னையது புதியது. எனினும் இரு சாராருக்கும் ஒரு விதி பொது. அடிபட்டு வீழ்ந்த நாளில், “இவன் என் வேலையாள்” என்று சொல்ல முன்வருவார் எவருமிலர்.

சட்டம் இல்லாமலா இந்நிலை? இல்லை. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டுவிட்டது. வேலையின் காரணமாக, வேலையின்போது நேரும் விபத்துக்கு வேலை கொள்வோன் ஈடு செலுத்த வேண்டுமென்பதே அதன் சாரம். 2022ஆம் ஆண்டின் திருத்தம் நட்டஈட்டின் உச்ச எல்லையை 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவுக்கு உயர்த்தியது. வேலைக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் வழியில் நேரும் விபத்துக்களையும் சேர்த்துக்கொண்டது. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆயினும், கொடுக்க வேண்டியவன் யாரென்று நிலைநாட்ட முடியாதவனுக்கு, எல்லை இருபது இலட்சமானால் என்ன, இருபது ரூபாவானால் என்ன?

நாட்டாமை காலையில் ஒரு கடைக்கு அரிசி இறக்குகிறான். நண்பகலில் வேறொரு கடைக்குச் சீனி ஏற்றுகிறான். மாலையில் லொறிக்காரரிடம் கூலி பெறுகிறான். லொறியின் பின்பலகையில் கால் வழுக்கி வீழ்ந்தால், கடைக்காரர் லொறிக்காரரைக் காட்டுவார். லொறிக்காரர் சரக்குக்காரரைக் காட்டுவார். மோட்டார் சைக்கிள் இளைஞனின் நிலை இதனினும் விந்தையானது. கட்டளை வருவது கைத்தொலைபேசியில்; கூலியை நிர்ணயிப்பது கொம்பனி; தாமதித்தால் தண்டிப்பதும் கொம்பனியே. ஆனால், அவன் பெயர் மட்டும் வேலையாள் அன்று, “பங்காளர்”! இலாபத்தில் பங்கில்லாமல், விபத்தில் மட்டும் முழுப் பங்கும் உடைய இப்படியொரு பங்காளரை நம் முன்னோர் கேள்விப்பட்டதுண்டோ?

விபத்தென்றால் நாள், நேரம் காட்ட வேண்டும். கால் முறிந்தவன் காட்டிவிடலாம். இருபது ஆண்டு மூடை சுமந்து இடுப்பெலும்புகளின் இடைவட்டுத் தேய்ந்தவன் எந்த நாளைக் காட்டுவான்? அவனுடைய விபத்து நாள்தோறும் நிகழ்ந்தது. அதனாலேயே எந்த ஏட்டிலும் பதியப்படாமற் போயிற்று.

இதற்கு வழியே இல்லையென்பாரை நாம் ஏற்கோம். கொழும்புத் துறைமுகத்தில் சரக்கேற்றி இறக்கியோரும் ஒருகாலத்தில் தனியார் கொம்பனிகளின் தயவில் வாழ்ந்தவர்களே. 1958இல் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் அமைந்து அவ்வேலையைப் பொறுப்பேற்றபோது, அவர்களுக்கு அறியத்தக்க ஒரு முதலாளி கிடைத்தார். இந்தியாவில், மகாராட்டிர மாநிலம் 1969இல் தலைச்சுமைத் தொழிலாளருக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. அதன்படி தொழிலாளியும் வணிகரும் ஒரு சபையில் பதிவு பெறுவர்; கூலியோடு ஒரு தீர்வையையும் வணிகர் அச்சபைக்கே செலுத்துவர்; சேமலாபம் முதலியவற்றைச் சபை கவனிக்கும். முதலாளிகள் பலராயிருப்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் காரணமாகாது என்பதை அச்சட்டம் காட்டிற்று. தமிழ்நாடும் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது.

புதிய தொழிலாளரின் வழக்கை நீதிமன்றங்களே தீர்த்துவிடுமென்று காத்திருத்தலும் தகாது. பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2021இல், கைத்தொலைபேசி வழியே அழைக்கப்படும் வாடகைக் கார்ச் சாரதிகள் தொழிலாளரே என்று தீர்த்தது. அதே நீதிமன்றம் 2023இல், உணவு கொண்டுசெல்வோர் தமக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பலாம் என்ற நிபந்தனையைச் சுட்டிக்காட்டி, அவர்கள் விடயத்தில் வேறு முடிவுக்கு வந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரி மாறினால் உரிமை மாறுமெனில், அந்த வரியை எழுதுவோன் கையிலன்றோ உரிமை இருக்கிறது? ஆகவே சட்டமே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நாம் கேட்பது இதுதான். சுமைகாரருக்கும் விநியோகத் தொழிலாளருக்கும் ஒரு பதிவுச் சபை வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு மூடைக்கும், கொண்டுசெல்லும் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு சிறு தீர்வை வேண்டும். முதலாளி யாரென்ற வழக்கு முடியுமுன்னரே காயமுற்றவனின் வைத்தியத்துக்கும் குடும்பத்துக்கும் அந்நிதி உதவ வேண்டும்.

அரசாங்கத்தை நோக்கி விரல் நீட்டும் நாம் நம்மையும் நோக்குதல் முறை. கமக்காரரே, கூலி மூடைக்கு இவ்வளவென்று பேசப்படுமிடத்தில் மூடை பெருத்தால் நமக்குச் சில ரூபா மிச்சமாகும். அது சுமப்பவனின் எலும்பிலிருந்து எடுத்த மிச்சம். சர்வதேசத் தொழில் தாபனம் 1967இல் வளர்ந்த ஆணுக்குப் பரிந்துரைத்த உச்சச் சுமை 55 கிலோகிராம். நம் முதியோர் ஓர் அந்தர் என அளந்தது ஏறக்குறைய 51 கிலோகிராம். அந்தர் மூடைக்கு மேற்பட்டதை இனிக் கட்டுவதில்லையென நம் விவசாயச் சங்கங்கள் தீர்மானிக்கட்டும். அதற்கு எந்த மந்திரியின் அனுமதியும் வேண்டியதில்லை.

வைத்தியர்களே, காயமுற்று வருபவனிடம், “எவ்வேலையில் இருந்தபோது? எவருக்காக?” என இரு கேள்வி கேட்டு எழுதிவையுங்கள். வெறுமனே “வீதி விபத்து” என்று முடியும் குறிப்பு, பின்னர் அவன் கோரிக்கையையும் முடித்துவிடக்கூடும். சட்டத்தரணிகளே, நட்டஈட்டு ஆணையாளருக்கு அனுப்பும் விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுக்க மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

நம் வீட்டு உலையில் வேகும் அரிசி யாரோ ஒருவனின் தோளேறியே வந்தது. அவன் வீழ்ந்தால் தாங்குவதற்கு ஒரு கையேனும் நீளாத நாட்டில், உழைப்பின் பெருமையை மே முதல் நாளன்று மேடையேறிப் பேச நமக்கு உரிமை ஏது?