உப்புக்காற்றும் திரியாயின் மின்பட்டியலும்

கச்சான் வீசும் மாதங்களில் திரியாயின் வெக்கை தரைப்பக்கமிருந்து வருகிறது. மாரியில் வாடைக்காற்று கடலின் உப்பைக் கொண்டுவருகிறது. வாடை அரித்துவைத்த இயந்திரத்தைத்தான் கச்சானில் ஓயாமல் ஓடவிடுகிறோம். மீள்குடியேறிய ஊர்களின் வாழ்க்கைச் செலவைப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை எடுப்பதில்லை.

உடையும் அலையிலிருந்து கிளம்பும் நுண்துளிகள் காற்றோடு வந்து உலோகத்தில் உப்பாகப் படிகின்றன. கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதனால் மழையில்லாத நாளிலும் உலோகம் நனைந்தே கிடக்கும். ஏசியின் வெளிப்பெட்டியில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடுகளும் ஒட்டியிருக்கின்றன. இடையில் உப்பீரம் புகுந்தால் அது ஒரு பற்றரிதான். அலுமினியம் அரிபட்டு வெள்ளைப் பொடியாக உதிரும். ஏசி இல்லாத வீட்டிலும் தப்ப முடியாது. பழைய பிரிட்ஜின் பின்பக்கக் கம்பிவலையில் கறள் ஏறும். சூடு வெளியேற வழியில்லாமல் கொம்பிரசர் கூடுதல் நேரம் ஓடும், பட்டியல் ஏறும், கடைசியில் வாயு கசியும். கசிவை அடைக்காமல் வாயு மட்டும் நிரப்புவது காசைக் காற்றில் விடுவதுதான். வொரண்டிப் பத்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். பலவற்றில் கறளுக்குப் பொறுப்பில்லை என்று சிறிய எழுத்தில் இருக்கும்.

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூட்டப்பட்டது. பின்னர் குறைத்தார்கள்தான். ஆனால் 1985 யூனில் வீடுகள் எரிக்கப்பட்டு, நெடுங்காலம் கழித்துத் திரும்பி, ஒவ்வொரு பொருளாகச் சேர்த்த ஒரு குடும்பத்துக்குப் பழுதான பிரிட்ஜ் சின்ன இழப்பல்ல.

வெக்கையைக் குறைப்பது வீட்டின் கட்டுமானத்தில் தொடங்க வேண்டும். வடக்கு கிழக்குக்கென அரசாங்கம் 65,000 உருக்கு வீடுகளை முன்மொழிந்தபோது, ஒரு வீட்டுக்குத் தொடக்கத்தில் சொன்ன விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். பொறியியலாளர்கள் வெக்கையையும் கறளையும் சுட்டிக்காட்டினார்கள். பலத்த எதிர்ப்பால் அந்த எண்ணிக்கை நடக்கவில்லை. கரையோரத்தில் அப்படியொரு வீட்டைக் குளிர்விக்கும் செலவை யார் தலையில் கட்டியிருப்பார்கள் என்பது அப்போது போதிய அளவு கேட்கப்படவில்லை என்பது என் எண்ணம். இனி வரும் வீட்டுத்திட்டங்களில் ஓட்டுக்கூரை, அகன்ற தாழ்வாரம், எதிரெதிர் யன்னல்கள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கவேண்டும்.

கையிலுள்ள ஏசியைக் காக்க, வெளிப்பெட்டியைக் கடலுக்கு மறைவான சுவரில் பொருத்துங்கள். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை அதன் தகடுகளில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம், பிடித்துவைத்த மழைநீரே நல்லது.