சிவனொளிபாதமலையிலிருந்து விண்ணுக்கு

அண்மையில் மூன்று ஆங்கில நாவல்களை அடுத்தடுத்து வாசித்தேன். மூன்றிலும் இலங்கையின் சாயல் உண்டு; மூன்றும் ஒரே அளவில் மனநிறைவு தரவில்லை.

முதலாவது மீள்வாசிப்பு. ஆர்தர் சி. கிளார்க் 1979இல் வெளியிட்ட 'தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்'. நமது சிவனொளிபாதமலைதான் அதில் ஸ்ரீகந்த. அதன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு ஒரு மின்தூக்கி அமைக்க முனைகிறார் பொறியியலாளர் மோர்கன். மலையிலுள்ள பிக்குகள் இடந்தர மறுக்கிறார்கள். கணக்குச் சரிவர வேண்டுமென்பதற்காகத் தீவையே பூமத்திய ரேகைக்கு நகர்த்திவிட்டார் கிளார்க்! அத்துணிச்சலை இரசித்தேன். பொறியியற் பகுதிகள் இன்றும் சலிக்கவில்லை.

ஆனால் மனத்தில் ஒரு முள். அம்மலையின் இரத்தினபுரிப் பக்கத்தில் தேயிலைத் தோட்டங்களும் இறப்பர் தோட்டங்களும் இருக்கின்றன. லயங்களில் நம்மவர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். கொழுந்தெடுக்கும் பெண்ணோ பால்வெட்டும் தொழிலாளியோ கதைமாந்தராக அந்நாவலில் இல்லை. வேண்டுமென்றே விட்டார் என்று சொல்லமாட்டேன். 1956 முதல் 2008இல் மறையும்வரை இத்தீவில் வாழ்ந்தவரின் கண்ணுக்கு அவர்கள் படவில்லை, அவ்வளவுதான். நூல் வெளிவந்த காலத்தில், 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி தோட்டக் குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறிக்கொண்டிருந்தன.

ஷெஹான் கருணாதிலகவின் 'மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்' 2022இல் புக்கர் பரிசு பெற்றது. இறந்தவன் சொல்லும் கதை. நகைச்சுவை அபாரம், நடுப்பகுதி நீளம்.

என்னை உலுக்கியது வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' (2023). நெபியுலா விருது பெற்ற நாவல். நிழலில்லாத நாயகன், திறக்க முடியாத கதவுகள் என்று மாயத்துக்குக் குறைவில்லை. எனக்கோ அந்நகரின் அலுவலகங்களே அச்சமூட்டின: மனிதரை இனமாகவும் சாதியாகவும் பிரித்து அடுக்கும் தாள்கள். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் ஒரே இரவில் நாடற்றவரானவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது கற்பனையாகத் தோன்றாது. முடிவு குழப்பமானது, இருந்தும் மன்னிக்கலாம்.

தமிழில் இத்துறையென்றால் இன்னமும் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைத்தான் கைகாட்டுகிறோம். ஜீனோ என்ற இயந்திர நாய் இப்போதும் சிரிக்க வைக்கிறது. அக்கதை நிகழும் 2022ஆம் ஆண்டோ கடந்து போய்விட்டது. கேகாலைத் தோட்டமொன்றில் இன்று பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் அடுத்து எதைக் கொடுப்பது? மொழிபெயர்ப்பாளர் எவரேனும் இதை வாசித்தால், வஜ்ரவிலிருந்து தொடங்குங்கள். கிளார்க் காத்திருக்கட்டும்.